சுடுகாட்டு மல்லியும் அசிமா சாட்டர்ஜியும்

கேள்வி: சுடுகாட்டு மல்லியிலிருந்து புற்றுநோய் மருந்தைக் கண்டுபிடித்தவர் அசிமா சாட்டர்ஜி என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. என் மகள் பள்ளிப் பேச்சுப்போட்டிக்கு அதைத்தான் எழுதி வைத்திருக்கிறாள். சரிதானா?
- ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: அந்த ஒரு வரியை மட்டும் மாற்றச் சொல்லுங்கள், அம்மா. அந்தச் செடியிலிருந்து 1958இல் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தைப் பிரித்தெடுத்தவர்கள் கனடாவைச் சேர்ந்த ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும். அதே செடியின் இன்னொரு புற்றுநோய் மருந்தான வின்கிரிஸ்டின் அமெரிக்காவில், எலி லில்லி ஆய்வுக்கூடத்தில் வந்தது. வேதியியலாளரான அசிமா செய்த வேலை வேறு. பேசுவதற்கு அதிலேயே நிறைய இருக்கிறது.

கல்லூரியில் முப்பது வருஷம் கரிம வேதியியல் நடத்தியவள் நான். சுடுகாட்டு மல்லி, அதாவது நித்தியகல்யாணி இலையை நிழலில் உலர்த்தி, இடித்து, நீர்த்த அமிலத்தில் ஊறவைத்து, வடிகட்டி, ஆல்கலாய்டைக் காட்டிக்கொடுக்கும் மேயர் கரைசல் இரண்டு சொட்டு விடச் சொல்வேன். தெளிந்திருந்த சாறு சட்டென்று அரிசி களைந்த தண்ணீர் போலக் கலங்கும். ஆல்கலாய்டு, அதாவது செடிகளில் இருக்கும் நைட்ரஜன் கலந்த ஒருவகை வேதிப்பொருள், இருக்கிறது என்று அர்த்தம். பிள்ளைகள் அதை நோட்டில் எழுதிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

அசிமாவின் வேலை அங்கேதான் தொடங்கும். இருக்கிறது, சரி, அது என்ன? எத்தனை கார்பன், எந்த வளையம் எதோடு ஒட்டியிருக்கிறது, மூலக்கூறைத் தாளில் வரைந்தால் எந்த ஹைட்ரஜன் தாளுக்கு மேலே நிற்கிறது, எது கீழே? இன்றைக்கு இதற்கெல்லாம் மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். கருவி இருக்கிறது. அவர் ஆராய்ச்சிக்கு வந்த காலத்தில் கிலோக்கணக்கில் பட்டையையும் வேரையும் சாறெடுத்து, கடைசியில் தேறும் கொஞ்சம் படிகத்தை வேதிவினைகளால் உடைத்து, துண்டு துண்டாக அடையாளம் கண்டு, முழு உருவத்தைப் பின்னோக்கி யோசித்துப் பிடிக்க வேண்டும். சர்ப்பகந்தி இனத்துச் செடிகளிலும் நித்தியகல்யாணியிலும் உள்ள அஜ்மாலிசின் என்ற ஆல்கலாய்டின் முப்பரிமாண அமைப்பை ஆராய்ந்தவர்களில் அவர் முக்கியமானவர். அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

1917இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1944இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் டி.எஸ்சி. என்ற அறிவியல் முனைவர் பட்டம் வாங்கினார், இந்தியப் பல்கலைக்கழகம் எதிலும் அதற்கு முன் ஒரு பெண் அந்தப் பட்டம் பெற்றதில்லை. 1947இல் கைக்குழந்தையோடு அமெரிக்கா போனார், அப்புறம் சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் வேதியியலாளர் பால் காரரிடம் ஆராய்ச்சி. 1950இல் ஊர் திரும்பிவிட்டார். வேதியியலுக்கான பட்நாகர் விருது 1960இல் நம் சென்னை மாநிலக் கல்லூரியின் டி.ஆர்.கோவிந்தாச்சாரிக்குக் கிடைத்தது, அடுத்த வருஷமே அசிமாவுக்கு. அந்த விருதைப் பெற்ற முதல் பெண் அவர்தான். 1975இல் பத்மபூஷண்.

மருந்து பற்றிப் பேசியே ஆக வேண்டும் என்றால் ஆயுஷ்-56 இருக்கிறது. வலிப்பு நோய்க்கு அவர் உருவாக்கியது. மூலிகை எது தெரியுமா? ஆரைக்கீரை இனம். வங்காளத்தில் அதை ‘சுஷ்னி’ என்பார்கள். சாப்பிட்டால் நன்றாகத் தூக்கம் வரும் என்று வீடுகளில் சமைக்கிற கீரை. வீட்டுப் பெண்கள் சொன்னதை அவர் சோதனைக்குழாயில் போட்டுப் பார்த்தார். மலேரியாவுக்காக ஏழிலைப்பாலை, கழற்சிக்காய் என்று நமக்குத் தெரிந்த மூலிகைகளிலும் இறங்கினார்.

வாய்க்கால் ஓரத்தில் ஆரைக்கீரை கிடைத்தால் மகளுக்கு ஒரு தண்டு பறித்துக் கொடுங்கள். உச்சியில் நாலு இலை கூட்டல் குறி போல விரிந்திருக்கும். மேடையில் அதைக் கையில் பிடித்துக்கொண்டு பேசட்டும்.