நாலு மணிப் பிள்ளை

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, மகனுக்கு 9 வயது, தரம் 4 படிக்கிறான். ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் மிகைத்துடிப்பும்) என்று ஒரு வருடமாகக் கிளினிக் போகிறோம். மெத்தில்பெனிடேட் 10 மில்லிகிராம் குளிசை காலையில் மட்டும் கொடுத்து வந்தோம், நன்றாகத்தான் இருந்தது. இந்தத் தவணை தொடங்கியதும், இடைவேளைக்குப் பிறகு பிள்ளை கதிரையில் இருக்கிறானில்லை என்று ரீச்சர் எழுதி அனுப்பினா. வைத்தியர் மத்தியானமும் ஒரு 10 சேர்த்தார். பாடசாலையில் 11.45க்கு ரீச்சர்தான் கொடுக்கிறா. இரண்டு கிழமையாகிறது. ரீச்சருக்குச் சந்தோசம், வீட்டில் நரகம். பின்னேரம் நாலு மணியானால் ஒன்றுமில்லாததுக்கெல்லாம் அழுகை, தங்கச்சிக்கு அடி, நேற்று ரிமோட்டைச் சுவரில் எறிந்து உடைத்தான். ஆறரைக்கு ஒன்றும் நடக்காத மாதிரி வந்து மடியில் படுக்கிறான். சாப்பாட்டுப் பெட்டி அப்படியே திரும்பி வருகிறது. நித்திரை 11 மணிக்கு. மாமி, மருந்து கொடுத்துப் பிள்ளையைக் கெடுத்துவிட்டாய் என்கிறா. பயத்தில் நான் சில நாள் மத்தியானக் குளிசையை அனுப்பவில்லை, ஞாயிற்றுக்கிழமை இரண்டுமே இல்லை. இதை வைத்தியருக்குச் சொல்லவில்லை. அடுத்த கிளினிக்குக்கு மூன்று கிழமை இருக்கிறது. சரிவராவிட்டால் அட்டமொக்செட்டின் என்ற வேறு மருந்துக்கு மாற்றலாம் என்றார். இந்த மருந்து என் பிள்ளைக்கு ஒத்துவரவில்லையா?
– பெயர் வேண்டாம், பாலையூற்று

பதில்: தங்கச்சி, ரிமோட்டை விடுங்கள். நாலு மணி, ஆறரை மணி என்று எழுதியிருக்கிறீர்களே, பாதிப் பதில் அதற்குள்ளேயே கிடக்கிறது.

உங்கள் மகன் எடுப்பது குறுகிய நேரம் வேலை செய்கிற குளிசை. விழுங்கி அரை மணித்தியாலம் அளவில் வேலை தொடங்கும், ஏறக்குறைய 4 மணித்தியாலத்தில் முடிந்துவிடும். 11.45க்குப் போட்டால் எப்போது இறங்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். மருந்து இறங்குகிற அந்த நேரத்தில் சில பிள்ளைகளுக்கு, மருந்தே எடுக்காத நாளைவிட மோசமாக, சிணுங்கலும் எரிச்சலும் வரும். ஆங்கிலத்தில் ரீபவுண்ட் என்பார்கள். நான் என் மகனை அந்த நேரத்தில் ‘நாலு மணிப் பிள்ளை’ என்று சொல்லுவேன். அது மருந்து உடம்புக்குள் இருந்து செய்கிற வேலை இல்லை, வெளியே போகும்போது கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போகிறது.

இப்போது பாருங்கள், ரீச்சர் பார்ப்பது ஏழரை முதல் ஒன்றரை வரைக்கும் உள்ள பிள்ளையை. மாமி கோயிலடியால் வந்து கதிரையைப் போட்டு இருந்து பார்ப்பது நாலு மணிப் பிள்ளையை. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. வைத்தியர் பார்ப்பதோ, காலை ஆறரைக்கு வந்து நம்பர் எடுத்து, வாங்கிலில் இருந்து சலித்துப்போன பிள்ளையை, அதுவும் பத்து நிமிசம். முழு நாளையும் பார்க்கிற ஆள் நீங்கள் ஒருத்தர்தான். அதனால் ‘ஒத்துவருதில்லை டொக்டர்’ என்று மட்டும் போய்ச் சொல்லாதீர்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால் நான் அப்படித்தான் சொன்னேன். (நான் வைத்தியர் இல்லை, இப்போது 22 வயதான ஒருவனின் அம்மா, அவ்வளவுதான்.) அவனுக்கு 8 வயதில், உங்களைப் போலவே இரண்டு நாள் கொடுத்து ஒரு நாள் விட்டு, அதை மறைத்து, ‘அவ்வளவு சரியில்லை’ என்றேன். மருந்து போதவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டினார்கள். வேறென்ன செய்வார்கள்? நான் சொன்னதை வைத்துத்தானே முடிவெடுக்க வேண்டும். அந்தக் கிழமை இவன் விறாந்தையில் இருந்து கிரில்லில் உரிந்த பெயின்ற்றை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தான். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான், வரமாட்டான். சிரிப்பு இல்லை. வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் எல்லாம் ‘இப்ப நல்ல பிள்ளையாயிட்டான்’ என்று மெச்சினார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பிள்ளை பொம்மை மாதிரி ஆகிவிட்டால் அளவு கூடிவிட்டது என்று சந்தேகப்பட வேண்டும், அதை நல்ல பிள்ளைத்தனம் என்று எடுக்கக்கூடாது. போய் உண்மையைச் சொன்னேன், ஏச்சு விழும் என்று நினைத்தேன், விழவில்லை, அளவைக் குறைத்தார்கள். இரண்டு நாளில் ஐஸ்கிறீமுக்காக அவன் அக்காவின் முடியைப் பிடித்து இழுத்தான், அன்றைக்கு எனக்கு வந்த நிம்மதியை யாருக்குச் சொல்லுவது.

சரி, உங்கள் விசயம். ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கள். குளிசை போட்ட நேரம், சாப்பிட்டது, குழப்பம் தொடங்கின நேரம், அடங்கின நேரம், நித்திரையான நேரம், இவ்வளவுதான், ஒரு நாளுக்கு நாலு வரி. ‘இன்று மோசம்’ என்று எழுதினால் பிரயோசனமில்லை, ‘3.50க்கு அழத் தொடங்கினான், 6.20க்கு நின்றது’ என்று எழுதுங்கள். இந்த மூன்று கிழமையும் வைத்தியர் சொன்ன அளவை, சொன்ன நேரத்துக்குக் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை விடுவது பெரிய குற்றம் ஒன்றும் இல்லை, சில வைத்தியர்களே விடச் சொல்வார்கள், ஆனால் அளவு மாற்றுகிற காலத்தில் விட்டால் எது எதனால் வந்தது என்று ஒருவருக்கும் விளங்காது. அதே காரணத்துக்காகத்தான் இந்த மாதம் புது ரியூசன், புது விற்றமின், நித்திரைக்கு யாரோ சொன்ன நாட்டு மருந்து ஒன்றையும் உள்ளே விடாதீர்கள். விட்ட நாட்களையும் மறைக்காமல் கொப்பியில் குறித்துவிடுங்கள்.

அந்தக் கொப்பியைப் பார்த்தால் வைத்தியருக்குப் பல வழி தெரியும். நேரத்தை நகர்த்தலாம், பின்னேரத்துக்கு ஒரு சிறிய அளவு கொடுத்து மெல்ல இறக்கலாம், கிடைத்தால் 8 முதல் 12 மணித்தியாலம் வரை நிற்கிற நீண்ட நேரக் குளிசைக்குப் போகலாம். நித்திரை பிந்துவதும் அப்படித்தான், மருந்து இன்னும் இருப்பதாலும் வரும், அது இறங்கின குழப்பத்தாலும் வரும். எது என்று நேரம்தான் காட்டும்.

சாப்பாட்டைப் பற்றி உங்களுக்கு இருக்கிற கவலை எனக்குத் தெரியும், புட்டுப் பெட்டியைத் திறந்து பார்க்கிறபோது ஒரு அம்மாவுக்கு வருகிற ஆத்திரம் வேறு எதற்கும் வராது. மருந்து வேலை செய்யும்போது பசி தெரியாது, அவன் அடம் பிடிக்கவில்லை. காலைக் குளிசைக்கு முதலே வயிறு நிறையச் சாப்பாடு, முட்டையும் இருக்கட்டும். மத்தியானம் கொஞ்சம் கொறித்தால் போதும் என்று விடுங்கள். மூன்றரைக்கு, அழுகை தொடங்க முதலே, வாழைப்பழமோ பணிஸோ பாலோ கையில் கொடுங்கள். பசியும் சேர்ந்துதான் நாலு மணியை நரகமாக்குகிறது. இரவு எட்டுக்கு, ஒன்பதுக்குப் பசி திரும்பி வரும், அப்போது ‘இந்த நேரத்தில் என்ன சாப்பாடு’ என்று கேட்காமல் கொடுங்கள். ஒவ்வொரு கிளினிக்கிலும் நிறை, உயரம், இரத்த அழுத்தம், நாடி பார்க்கிறார்களா என்று கவனியுங்கள், பார்க்காவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

நாலு மணிக்கு ரியூசன் இருக்கிறதா? எழுதவில்லை, ஆனால் இருக்கும், புலமைப்பரிசில் வருகிறதே. அந்த நேரத்தை மாற்றுங்கள். அந்த இரண்டரை மணித்தியாலத்தில் கணக்கும் வேண்டாம், புத்திமதியும் வேண்டாம். நான் என் மகனை சைக்கிளில் ஏற்றிக்கொண்டு திருகோணமலைக் கோட்டைக்குப் போவேன். வாசலுக்குள்ளே மான்கள் ஆட்டுக்குட்டி மாதிரி மர நிழலில் படுத்துக் கிடக்கும், ஷொப்பிங் பையைச் சப்பிக்கொண்டு ஒன்று நிற்கும், இவன் அதன் வாயிலிருந்து பையை இழுக்கப் போவான். ஒரு கதையும் கதைக்கமாட்டோம். வீட்டுக்கு வரும்போது அரைவாசி நேரம் போயிருக்கும். உங்கள் மகளுக்கும் அடி மிச்சமாகும்.

அட்டமொக்செட்டின் வேறு வகை. இந்தக் குளிசை மாதிரி இன்று போட்டு இன்றே பார்க்கிற மருந்து இல்லை. சரியான பலன் தெரிய 4 முதல் 6 கிழமை, சிலருக்கு அதற்கு மேலும் எடுக்கும். முதல் நாட்களில் வயிற்றைப் பிரட்டலாம், நித்திரை தூங்கலாம், அதைப் பார்த்து மாமி தீர்ப்புச் சொல்ல விடாதீர்கள். கப்சூலை உடைத்துப் பாலில் கலக்கக்கூடாது, தூள் கண்ணில் பட்டால் எரியும். முக்கியமாக, அதில் பிள்ளை வழமைக்கு மாறாக ஒதுங்கினால், சாவதைப் பற்றிக் கதைத்தால், கிளினிக் திகதி பார்க்காமல் அன்றைக்கே கொண்டு போங்கள். இப்போதைய குளிசையிலும் மயக்கம், நெஞ்சுவலி, இல்லாததைக் கண்டேன் என்பது வந்தால் அப்படியே. எப்போதாவது இதே பிரச்சினைக்குக் குளோனிடின் என்ற மருந்தை எழுதினால், அதை உங்கள் பாட்டில் நிறுத்தவே கூடாது, இரத்த அழுத்தம் சட்டென்று ஏறிவிடும்.

மாமிக்கு இதையெல்லாம் விளக்கிக் களைக்காதீர்கள். கொப்பியை அவவிடம் கொடுத்து, நாலு மணி வரியை நீங்களே எழுதுங்கோ மாமி என்று சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: என் மகனும் இதே மருந்துதான், 10 மில்லிகிராம் இரண்டு வேளை. பாமசியில் சில நேரம் கிடைப்பதில்லை. கனடாவில் இருக்கும் அண்ணா தன் பிள்ளையின் கொன்சேர்ட்டா 18 கொஞ்சம் தந்துவிட்டார். 20ஐ விட 18 குறைவுதானே, கொடுக்கலாமா? பெரிதாக இருக்கிறது, பாதியாக உடைக்கலாமா?
– ஒரு அப்பா, நிலாவெளி

பதில்: கொடுக்க வேண்டாம் தம்பி, உடைக்கவே வேண்டாம். கொன்சேர்ட்டாவும் இதே மெத்தில்பெனிடேட்தான், ஆனால் அந்த 18, நாள் முழுக்க மெல்ல மெல்ல விடுகிற 18. குறுகிய நேரக் குளிசையில் 5 மில்லிகிராம் மூன்று வேளைக்குக் கிட்ட வரும் என்பது கணக்கு, அப்படியென்றால் உங்கள் பிள்ளைக்குப் போதாமலும் போகலாம். கோதுக்கு மேலே பூசிய கொஞ்ச மருந்து உடனே கரையும், மிச்சத்தை உள்ளே இருந்து ஒரு சின்ன ஓட்டையால் தள்ளுகிற வேலைப்பாடு அதற்குள் இருக்கிறது, உடைத்தால் அது போச்சு. (எடுக்கிற பிள்ளைகளின் மலத்தில் வெறும் கோது வரும், குளிசை சமிக்கவில்லை என்று பெற்றோர் பதறுவதும் உண்டு.) இன்னொன்று, இது 1971ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையில் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்து, உங்கள் அண்ணாவின் பிள்ளைக்கு எழுதியதை இன்னொரு நாட்டுக்குப் பொதியில் போட்டு அனுப்புவது வில்லங்கம். அவரிடம் இனி அனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். கையில் பத்துக் குளிசை இருக்கும்போதே கிளினிக்குக்குத் தெரியப்படுத்துங்கள், முடிந்த பிறகு ஓடாதீர்கள். வந்ததைச் சின்னவர்களின் கைக்கு எட்டாத அலுமாரியில் பூட்டி வைத்து, அடுத்த முறை கிளினிக் போகும்போது கொண்டுபோய்க் காட்டுங்கள்.