கணினிக் கேள்வி பதில்: வீட்டு இணைப்பில் டோர் ரிலே

கேள்வி: வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இருக்கிறது. மாத வரம்பு 3,300 ஜிபி. நாங்கள் 1,000 ஜிபிகூடச் செலவழிப்பதில்லை. சும்மா கிடக்கும் பழைய லேப்டாப்பில் டோர் ரிலே நடத்தலாமா? போலீஸ் தொந்தரவு வருமா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: எந்த ரிலே என்பதைப் பொறுத்தது. டோர் என்பது இணையத்தில் யார் எங்கே போகிறார் என்பதை மறைக்கும் வலைப்பின்னல்; தன்னார்வலர்கள் நடத்தும் அதன் இடைக் கணினிகள்தான் ரிலேக்கள். டோரில் ஒருவர் அனுப்பும் தகவல் மூன்று ரிலேக்களைத் தாண்டிப் போகிறது. முதல் ரிலேவுக்கு அனுப்புகிறவரின் முகவரி தெரியும், போகிற தளம் தெரியாது. கடைசி ரிலேவுக்குத் தளம் தெரியும், அனுப்பியவர் தெரியாது. நடுவில் இருப்பதற்கு இரண்டுமே தெரியாது. அந்தக் கடைசி ரிலேதான் எக்ஸிட். அதன் வழியே யாரோ ஒருவர் மிரட்டல் அனுப்பினால், புகாரில் பதிவாவது உங்கள் வீட்டு ஐபி முகவரி. விசாரிக்க வருகிறவருக்கு டோர் என்றால் என்னவென்று வாசலில் நின்று விளக்க வேண்டிவரும். வீட்டில் எக்ஸிட் வேண்டவே வேண்டாம். டோரின் அமைப்புக் கோப்பில் 'எக்ஸிட்ரிலே 0' என்ற வரி கட்டாயம் இருக்கட்டும்.

எக்ஸிட் அல்லாத ரிலேவுக்கு அந்தப் புகார் வராது. வேறொரு தொல்லை வரும். ரிலேக்களின் ஐபி பட்டியல் பகிரங்கமானது. சில தளங்கள் எக்ஸிட்டா இல்லையா என்று பார்க்காமல் பட்டியலில் உள்ள அத்தனையையும் தடுத்துவிடுகின்றன. வீட்டில் ஒருவர் பணம் கட்ட உட்காரும்போது வங்கித் தளம் திறக்காது. காரணம் ரிலே என்று அவருக்குத் தெரியவும் தெரியாது.

வரம்புக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். ரிலே வாங்கியதை அப்படியே வெளியே தள்ளுகிறது. ஒரே பைட் ஒருமுறை டவுன்லோடு, ஒருமுறை அப்லோடு. நொடிக்கு 400 கிலோபைட் என்று கட்டிவைத்தால் 30 நாளில் ஒரு திசைக்கு 1,037 ஜிபி, இரண்டும் சேர்ந்து 2,074 ஜிபி. மீதி 1,200 சொச்சம் வீட்டுக்கு. ஆனால் நொடிக்கு 400 கிலோபைட் என்பது 3.2 எம்பிபிஎஸ்தான். ரிலேவுக்கு இரு திசையிலும் குறைந்தது 10 எம்பிபிஎஸ் வேண்டும் என்கிறது டோர் திட்டம். பிரிட்ஜுக்கு 1 எம்பிபிஎஸ் போதும்.

ஆகவே உங்களுக்குப் பொருத்தம் பிரிட்ஜ்தான். அது பொதுப் பட்டியலில் வராத நுழைவாயில். 2021 டிசம்பரில் ரஷ்யாவில் டோரைத் தடுக்கத் தொடங்கியபோது, அங்கிருப்பவர்களுக்கு உள்ளே வர மிஞ்சிய வழிகளில் இதுவும் ஒன்று. அப்படிப்பட்ட ஒருவர் உங்கள் லேப்டாப்பை நம்பித்தான் உள்ளே வருவார் என்பதை மனதில் வையுங்கள். அதனால்தான் 'அக்கவுண்டிங்மேக்ஸ்' போட்டு மாத ஒதுக்கீடு வைப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஒதுக்கீடு தீர்ந்ததும் டோர் உறங்கிவிடும், நுழைந்தவர் நடுவழியில் நிற்பார். 'ரிலேபேண்ட்வித்ரேட்' வரியில் வேகத்தைக் கட்டுங்கள். மெதுவாக ஓடினாலும் மாதம் முழுக்க ஓடும். அதில் 'கேபைட்ஸ்' என்று எழுதுங்கள். 'கேபிட்ஸ்' என்று எழுதினால் எட்டில் ஒரு பங்குதான் கிடைக்கும். லேப்டாப்பின் மூடியைச் சாத்தினால் தூங்கிவிடும் அமைப்பையும் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: பிரிட்ஜ் அமைத்தேன். ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங்கும் (வெளியிலிருந்து வரும் இணைப்பை வீட்டுக் கணினிக்குத் திருப்பிவிடுவது) செய்தேன். ஆனால் வெளியிலிருந்து எட்ட முடியவில்லை என்றே டோரின் லாக் (பதிவுக் கோப்பு) சொல்கிறது. எங்கே தப்பு?
– வாசகர், மேலூர்

பதில்: ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து 'வேன் ஐபி' என்ற இடத்தில் உள்ள எண்ணைப் பாருங்கள். பிறகு 'என் ஐபி என்ன' என்று இணையத்தில் தேடி வரும் எண்ணோடு ஒப்பிடுங்கள். ரவுட்டரில் இருப்பது 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால் விஷயம் முடிந்தது. இணைப்பு நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்குபோட்டிருக்கிறது. சிஜிநாட் என்பது இதுதான். உங்கள் ரவுட்டரில் எத்தனை போர்ட்டைத் திறந்தாலும், அதற்கு முன்னால் நிறுவனத்தின் கதவு மூடியே இருக்கும். தனிப் பொது ஐபிவி4 முகவரி கேட்டு வாங்க வேண்டும். பெரும்பாலும் கூடுதல் கட்டணம் உண்டு. கட்ட மனமில்லை என்றால் அடுத்த கேள்விக்கான பதிலைப் பாருங்கள்.

இரண்டு எண்ணும் ஒன்றாகவே இருந்தால், பிரிட்ஜுக்கு இரண்டு போர்ட் என்பதை மறந்திருப்பீர்கள். ஒன்று ஓஆர் போர்ட். மற்றது, டோர் போக்குவரத்தை அடையாளம் தெரியாமல் மறைக்கும் ஓபிஎஃப்எஸ்4 கேட்கும் போர்ட். எட்ட முடியவில்லை என்று லாக் சொன்னால் விட்டுப்போனது முதலாவது. இரண்டாவதை விட்டுவிடுவதும் வழக்கமாக நடக்கும் தவறு. அப்போது லாக்கில் எல்லாம் சரி என்று வரும், ஆனால் ஒருவர்கூட உள்ளே வரமாட்டார்கள். இரண்டுக்கும் 1024-க்கு மேற்பட்ட எண்ணைக் கொடுங்கள், கீழே போனால் தனி அனுமதி அமைக்க வேண்டும். 9001 வேண்டாம். அது டோர் போர்ட் என்று தடுப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

கேள்வி: விடுதி வைஃபை மட்டும்தான் இருக்கிறது. ஏதாவது செய்ய முடியுமா?
– கல்லூரி மாணவி, சோழவந்தான்

பதில்: முடியும். ஃபயர்ஃபாக்ஸிலோ குரோமிலோ ஸ்னோஃப்ளேக் நீட்சியை நிறுவி இயக்கிவிடுங்கள். உங்கள் பிரவுசரே தடுக்கப்பட்டவர்களை டோருக்குள் விடும் தற்காலிக பிரிட்ஜாகிவிடும். போர்ட் திறக்க வேண்டாம், சிஜிநாட்டுக்குப் பின்னாலிருந்தும் வேலை செய்யும். உங்கள் முகவரி ரிலேப் பட்டியலில் ஏறாது. தகவல் உங்களிடமிருந்து ஸ்னோஃப்ளேக் சர்வருக்குத்தான் போகும், நேரே எந்தத் தளத்துக்கும் போகாது. 2022-ல் ஈரானில் போராட்டம் வெடித்தபோது அங்கே பலரும் இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். வைஃபை உங்களுடையதல்ல என்பதால் விடுதி நிர்வாகத்திடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கேள்வி: ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினியில் டோர் ஓட்டுகிறேன். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தி, மாலையில் வந்த பிறகு சில தடவை டோர் எழுந்திருப்பதே இல்லை.
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: லாக்கின் நேரத்தைப் பாருங்கள். மாலை 5 மணிக்குக் காலை 9 மணி என்று காட்டும். பை 4-ல் பேட்டரியுள்ள கடிகாரம் கிடையாது. மின்சாரம் வந்ததும் பை சீக்கிரம் எழுந்துவிடும், ரவுட்டர் இணைப்பைப் பிடிக்க இன்னும் நேரம் எடுக்கும். அந்த இடைவெளியில் பழைய நேரத்தோடு டோர் கிளம்பினால், மற்ற ரிலேக்களின் சான்றிதழ் தேதிகளோடு ஒத்துப்போகாமல் தடுமாறும். நேரம் சரியாகும்வரை காத்திருக்கும் சிஸ்டம்டி (லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிப்பது) சேவையை இயக்கி, டோர் அதற்குப் பிறகுதான் தொடங்க வேண்டும் என்று அமையுங்கள்.

திடீர் மின்வெட்டின்போது தரவு எழுதும் வேலை நடந்துகொண்டிருந்தால் எஸ்டி கார்டும் கெடக்கூடும். ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் வாங்குகிறவர்கள் பையை மறந்துவிடுகிறார்கள். அதற்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் தனியே வேண்டும். பேட்டரி உயிரோடு இருக்கும் பழைய லேப்டாப் இந்த விஷயத்தில் பையைவிட மேல்.

கேள்வி: வாடகை சர்வரில் 20 எம்பிபிஎஸ் ரிலே தொடங்கி இரண்டு வாரம் ஆகிறது. முதலில் ஏறிய போக்குவரத்து இப்போது இறங்கிவிட்டது. ஏதும் கெட்டுவிட்டதா?
– வாசகர், மதுரை அண்ணா நகர்

பதில்: இல்லை. முதல் மூன்று நாள் அளக்கப்படாத ரிலேவாக மிகக் குறைவாகவே வரும். பிறகு அளவிடும் சர்வர்கள் வேகத்தைப் பார்த்து மதிப்புக் கொடுக்கும். எட்டாம் நாள் வாக்கில் 'கார்டு' (guard, அதாவது பயனாளர் முதலில் தொடும் ரிலே) தகுதி கிடைத்தால் சரிவு தொடங்கும். கார்டு ஆனதை நடு ரிலேவாகத் தேர்ந்தெடுப்பது குறையும். டோர் பயனாளரோ தன் கார்டை மாதக்கணக்கில் மாற்றமாட்டார், புதியவர்கள் மெல்லத்தான் சேர்வார்கள். இரண்டு மாதத்துக்கு மேல் பொறுங்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை லாக்கில் வரும் 'ஹார்ட்பீட்' வரியில் அனுப்பிய, பெற்ற அளவு தொடர்ந்து கூடினால் ரிலே நலம்.

இதற்கிடையில் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. டோரின் தரவுக் கோப்புறைக்குள் இருக்கும் 'கீஸ்' கோப்புறையை நகலெடுத்துப் பத்திரமாக வையுங்கள். சர்வரை மாற்றினாலும் அந்தச் சாவிகளைப் போட்டால் பழைய ரிலேவாகவே எழும். தொலைத்துவிட்டால் மறுபடி முதல் நாள்.