அப்பாவின் பெர்மிட் காணி இன்னொருவர் பெயரில்: என் பதில்

இடம்பெயர்ந்திருந்த காலத்தில் அப்பாவின் பெர்மிட் காணியை (அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த அரச காணி) வேறொருவருக்கும் கொடுத்துவிட்டார்கள், தேசிய காணி ஆணைக்குழுவுக்கு எழுதலாமா என்று கேட்டிருந்தீங்கள். யாருக்கு எழுதுவது? 1987இல் இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் சொன்ன அந்த ஆணைக்குழுவை இன்னும் அமைக்கவேயில்லை.

முதலில் பிரதேச செயலகக் காணிக் கிளைக்குப் போய்ப் பேரேட்டை, அதாவது காணி யாருக்குக் கொடுக்கப்பட்டது என்ற பதிவேட்டைப் பாருங்கோ. அப்பாவின் பெர்மிட் முறைப்படி இரத்தானதா என்பதுதான் முடிச்சு. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி அறிவித்தல் கொடுக்காமல், விசாரிக்காமல் இரத்துச் செய்ய ஏலாது. காட்ட மறுத்தால் தகவல் அறியும் உரிமை விண்ணப்பம் போடுங்கோ. அங்கே சரிவராவிட்டால் மாகாண காணி ஆணையாளர்.

பாராளுமன்றப் பொது மனுக்கள் குழுவுக்கு ஒரு எம்.பி. மூலம்தான் போகலாம். அது அதிகாரிகளைக் கூப்பிட்டு விசாரிக்கும், பரிந்துரைக்கும். மற்றவரின் பெர்மிட்டை அந்தக் குழுவே இரத்துச் செய்யாது. மற்றவர் கட்டடம் எழுப்பத் தொடங்கியிருந்தால், பிரதேச செயலகத்துக்கு ஆட்சேபனைக் கடிதத்தை இன்றைக்கே பதிவுத் தபாலில் அனுப்புங்கோ.