மார்பை எடுத்த பிறகும் புற்றுநோய் திரும்பி வருமா? மிஸி அக்காவிடம் கேட்டவை

புற்றுநோய் வார்டில் பல வருடம் தாதியாக வேலை செய்துவிட்டு இப்போது ஹட்டனில் ஓய்வில் இருக்கிறேன். மார்பகம் அகற்றிய சகோதரிகளும் அவர்கள் வீட்டாரும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

தலவாக்கலை மகள்: மிஸி அக்கா, அம்மாவுக்கு ஒரு பக்கத்தை முழுசாக எடுத்துவிட்டார்கள். அப்புறம் எப்படித் திரும்ப வரும்?

முழுசாக எடுத்தாலும் தோலுக்கு அடியில் கொஞ்சம் திசு மிஞ்சும். ஆபரேஷனுக்கு முன்பே சில செல்கள் கண்ணுக்குத் தெரியாமல் இரத்தத்தோடு போயிருக்கவும் கூடும். அதனால் தழும்பிலோ அக்குளிலோ வரலாம். எலும்பு, நுரையீரல், ஈரல், மூளையிலும் வரலாம். கீமோவும், கரண்ட் பிடிப்பது என்று நாம் சொல்லும் கதிர்ச் சிகிச்சையும் இந்த மிச்சத்துக்காகத்தான். மற்ற மார்பில் வந்தால் அது பெரும்பாலும் புதிய நோய்.

மஸ்கெலியா சகோதரி: நூற்றுக்கு எத்தனை பேருக்குத் திரும்பும்?

எல்லோருக்கும் பொதுவாக ஒரு எண் கிடையாது, தங்கச்சி. உங்கள் பயாப்ஸி ரிப்போர்ட்டைத் தொலைக்காமல் வைத்திருங்கள். கட்டியின் அளவு, அக்குள் நெறிகளில் (நிணநீர் முடிச்சுகளில்) எத்தனையில் நோய் இருந்தது, ஹோர்மோன் ஏற்பி (ஹோர்மோனால் வளரும் வகையா என்று காட்டுவது), ஹெர்-2 (செல்லை வேகமாக வளரவைக்கும் ஒரு புரதம்) எல்லாம் அதில் இருக்கும். பல ஆய்வுகளைச் சேர்த்து 2017இல் ஒரு கணக்கு வந்தது. அதில் பார்த்தது ஹோர்மோன் ஏற்பி உள்ளவர்களை, அதுவும் தமொக்சிபன் போன்ற ஹோர்மோனைத் தடுக்கும் குளிசையை 5 வருடம் குடித்து நோயில்லாமல் இருந்தவர்களை. கட்டி 2 சென்டிமீட்டருக்குள் இருந்து நெறியில் நோய் இல்லாதவர்களில், அடுத்த 15 வருடத்தில் உடம்பின் வேறு இடத்தில் வந்தது நூற்றுக்கு 13 பேருக்கு. அதே அளவு கட்டி, ஆனால் 4 முதல் 9 நெறிகளில் நோய் இருந்தவர்களுக்கு 34. அவர்கள் பழைய காலத்துச் சிகிச்சை பெற்றவர்கள். இன்றைக்கு நிலைமை இன்னும் நல்லது. ஹோர்மோன் ஏற்பி இல்லாத வகையில் முதல் மூன்று வருடம்தான் ஆபத்து அதிகம், ஐந்து தாண்டினால் நன்றாகக் குறைந்துவிடும்.

பொகவந்தலாவை சகோதரி: தமொக்சிபன் குடித்தால் உடம்பெல்லாம் எரிகிறது. நிறுத்தலாமா?

தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். இந்தக் கேள்விக்குத்தான் எனக்கு மனம் பதறும். ஒருநாள் கிளினிக்குக்கு வந்த ஒரு அம்மா சேலை முந்தானையை அவிழ்த்து மேசையில் கொட்டினார். எல்லாம் பாதிப் பாதியாக உடைத்த குளிசைகள். கிளினிக்குக்கு வந்தால் ஒருநாள் பேர், அதாவது அன்றைய தோட்டச் சம்பளம், போய்விடும் என்று, ஒரு மாதக் குளிசையை இரண்டு மாதத்துக்கு இழுத்திருந்தார். திட்ட மனம் வரவில்லை, அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஹோர்மோன் ஏற்பி உள்ளவர்களுக்கு, இந்தக் குளிசை முதல் ஐந்து வருடத்தில் நோய் திரும்புவதைக் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைக்கிறது. முழுசாக, தினமும் குடித்தால்தான் அந்தப் பலன். எரிச்சலை டொக்டரிடம் சொல்லுங்கள், அதற்கு வழி இருக்கிறது. மாதவிலக்கு நின்றவருக்கு இரத்தம் பட்டாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ உடனே போங்கள்.

பண்டாரவளை தம்பி: என் மனைவி கொழுந்து பறிக்கிறாள். கூடை சுமந்தால் திரும்ப வருமா?

வராது தம்பி. ஆனால் நெறிகளை எடுத்த பக்கத்துக் கை வீங்கக்கூடும். பாரம் குறைந்த வேலை தரச் சொல்லி டொக்டரிடம் கடிதம் வாங்குங்கள். தேயிலைக் குச்சி கீறினால் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். சிவந்து சூடானால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. ஒன்றும் நடக்காமல் கை புதிதாக வீங்கினாலும் காட்டுங்கள், அக்குளில் நோய் திரும்பியதற்கு அதுவும் ஓர் அடையாளமாக இருக்கலாம்.

பதுளை சகோதரி: எதைப் பார்த்து உஷாராக வேண்டும்?

குளிக்கும்போது சவர்க்காரக் கையால் தழும்பு நெடுக, அக்குள், காறை எலும்புக்கு மேலே தடவிப் பாருங்கள். அரிசி அளவு கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டாலும், ஆறாத சிவப்புத் தடிப்பு இருந்தாலும் அடுத்த கிளினிக் வரை காத்திருக்க வேண்டாம். இடுப்பு வலி நம் தோட்டத்தில் யாருக்குத்தான் இல்லை? ஆனால் படுத்தாலும் குறையாமல், ராத்திரி எழுப்பி, இரண்டு வாரமாகக் கூடிக்கொண்டே போகும் வலி வேறு. விடாத இருமல், மூச்சு வாங்குதல், கண் மஞ்சளாவது, புதிதாக வந்த தலைவலியும் அப்படித்தான்.

நுவரெலியா மகன்: வருடா வருடம் முழு உடம்பு ஸ்கேன் எடுக்கக் கடன் வாங்கவா?

வேண்டாம் மகன். அறிகுறி இல்லாதவருக்கு அந்த ஸ்கேனால் ஆயுள் கூடியதாகத் தெரியவில்லை. முதல் மூன்று வருடம் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்கில் கை வைத்துப் பார்க்கட்டும், மற்ற மார்புக்கு வருடம் ஒரு மமோகிராம். அம்மாவின் பஸ் காசுக்கும், அன்றைக்குப் போகும் பேருக்கும் அந்தப் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.