தர்பூசணி பழுத்துவிட்டதா? குமரி மாவட்ட வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

தை கடைசியிலும் மாசியிலும் விதை போட்டவர்களின் விளைகளில் இப்போது காய்கள் திரண்டு கிடக்கின்றன. இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை தர்பூசணி பற்றியவைதான். அதிலும் எல்லாரும் சுற்றிச் சுற்றிக் கேட்பது, எப்போது பறிப்பது என்பதை. இரண்டரை மாதம் தண்ணீர் ஊற்றி வளர்த்துவிட்டு, கடைசிப் பத்து நாளில் அவசரப்பட்டுப் பழத்தைக் கெடுத்துக்கொள்கிறார்களே என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு காயை வெட்டினேன், உள்ளே வெளிறிப்போய் இருந்தது. கூடவே பறித்த மூன்று காய்களை அரிசி டிரம்முக்குள் வைத்திருக்கிறேன். ஏத்தங்குலை (நேந்திரன் வாழைக்குலை) பழுப்பதுபோல இதுவும் பழுத்துவிடும்தானே? (தக்கலை வாசகி)

பழுக்காதும்மா. ஏத்தன், மாங்காய் இவற்றுக்குள் மாவுச்சத்து சேர்ந்திருக்கும். பறித்த பிறகு அந்த மாவுச்சத்துதான் சர்க்கரையாக மாறுகிறது. தர்பூசணியில் அப்படி மாற்றிக்கொள்ள மாவுச்சத்து இல்லை. இலைகள் வெயிலில் செய்யும் சர்க்கரை காம்பு வழியாக அன்றன்றைக்கு வந்து சேர வேண்டும். காம்பை வெட்டிய நொடியில் அந்த வரத்து நின்றுபோகிறது. டிரம்மில் வைத்தால் சதையின் நிறம் லேசாகக் கூடலாம், இனிப்பு கூடாது. அந்த மூன்றையும் இன்றைக்கே வெளியே எடுத்துவிடுங்கள். தோலைச் சீவிக் கூட்டு வைக்கலாம். வெள்ளரிக்காய்க்குப் பதிலாகப் புளிசேரியிலும் போடலாம், நன்றாகவே இருக்கும்.

காய்க்குப் பக்கத்தில், கொடி பற்றிக்கொள்ள விடும் கம்பிபோன்ற சுருள் காய்ந்தால் பறிக்கலாம் என்றார்கள். காய்ந்த பிறகுதான் பறித்தேன். ஆனாலும் உள்ளே பாதி வெள்ளை, விதையும் வெள்ளை. சுகர் பேபி ரகம். (இராஜாக்கமங்கலம் வாசகர்)

நீங்கள் கேட்டது சரியான அடையாளம்தான். ஆனால் அதை மட்டும் நம்பியதில்தான் சிக்கல். முதலில், எந்தச் சுருளைப் பார்த்தீர்கள்? காயின் காம்பு கொடியோடு சேரும் அதே கணுவில் இருக்கும் சுருளைத்தான் பார்க்க வேண்டும். அடுத்த கணுவில் உள்ளது கணக்கில்லை. அதுவும் நுனி மட்டும் கருகினால் போதாது. அடி வரைக்கும் பழுப்பாகி, தொட்டால் ஒடிகிற அளவுக்குக் காய்ந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, சுருள் வேறு காரணங்களாலும் காயும். கடற்கரை மணலில் தண்ணீர் நிற்காது. இரண்டு நாள் பாய்ச்சத் தவறினால் கொடி வாடும், சுருளும் கருகும். இலைநோய் வந்தாலும், கால்பட்டு நசுங்கினாலும் அப்படித்தான். சில ரகங்களில் சுருள் காய்ந்து ஒரு வாரம் கழித்துத்தான் பழம் முழுதாகத் தயாராகும்.

ஆகவே சுருள் காய்ந்ததும் காயை மெல்லச் சாய்த்து, மண்ணில் படுத்திருந்த பக்கத்தைப் பாருங்கள். வெயில் படாத அந்த இடம் பிஞ்சில் வெள்ளையாகவோ வெளிறிய பச்சையாகவோ இருக்கும். முற்ற முற்ற வெண்ணெய் நிறமாகிப் பிறகு மஞ்சளாகும். என் கணக்கில் அடையாளங்களுக்குள் மிகவும் நம்பத் தக்கது இதுதான். சுகர் பேபி போன்ற கரும்பச்சைத் தோலில் அந்த மஞ்சள் எடுப்பாகவும் தெரியும். மூன்றாவதாகத் தோலின் பளபளப்பு. பிஞ்சுத் தோல் எண்ணெய் தேய்த்ததுபோல மின்னும், முற்றிய தோல் மங்கிப்போய் இருக்கும். சுருள், அடிநிறம், தோல் ஆகிய மூன்றும் சேர்ந்து சொன்னால் தயங்காமல் வெட்டுங்கள். ஒன்று மட்டும் சொன்னால் நாலு நாள் பொறுங்கள்.

எல்லாப் பக்கமும் வெயில் படட்டும் என்று சிலர் காயைத் தினமும் உருட்டி வைக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அடிநிறம் என்ற அடையாளமே கலைந்துபோகும், காம்பும் முறுகும். மண் ஈரம் படாமலிருக்க அடியில் வைக்கோலோ ஓலையோ போட்டால் போதும்.

விரலால் தட்டிப் பார்ப்பதில் உண்மை இருக்கிறதா? எனக்கு எல்லாம் ஒரே சத்தமாகத்தான் கேட்கிறது. (குழித்துறை வாசகர்)

உண்மை இருக்கிறது. நெற்றியில் தட்டினால் வரும் கணீர் ஒலி பிஞ்சுக்கு, நெஞ்சில் தட்டினால் வரும் அடங்கிய ஒலி பழத்துக்கு. ஆனால் காயின் பருமனைப் பொறுத்து ஒலி மாறும் என்பதால், புதிதாக வளர்ப்பவர்கள் இதை வைத்து மட்டும் முடிவெடுக்க வேண்டாம். காது பழக வேண்டுமானால் அதே கொடியில், பிஞ்சு என்று உறுதியாகத் தெரிந்த ஒரு காயை முதலில் தட்டிவிட்டு அடுத்து இதைத் தட்டுங்கள். வித்தியாசம் பிடிபடும். அமுக்கிப் பார்ப்பது மட்டும் கூடாது, உள்சதை நசுங்கும்.

மாடியில் பையில் வளர்க்கிறேன். கொடியைப் பந்தலில் ஏற்றி, காய்களை வலைப்பையில் தொங்கவிட்டிருக்கிறேன். தரையில் படாத காய்க்கு அடிநிறம் ஏது? (நாகர்கோவில் வாசகி)

அருமையான கேள்வி. உங்களுக்கு நாள் கணக்குதான் துணை. பெண்பூவின் அடியில் குட்டிக் காய்போல ஒரு புடைப்பு இருக்கும், ஆண்பூவுக்கு இருக்காது. பூ ஒருநாள்தான் மலர்ந்திருக்கும். மாடிக்குத் தேனீ வருவது குறைவு என்றால், காலையில் பூ விரிந்ததும் ஆண்பூவைப் பறித்து, இதழை நீக்கி, பெண்பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். அன்றைய தேதியை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் காம்புக்கு அருகே கட்டிவிடுங்கள். நம் ஊர்க் கோடை வெப்பத்தில் சுகர் பேபி போன்ற சிறிய ரகங்கள் அன்றிலிருந்து சுமார் 30 முதல் 35 நாளில் பழுக்கும், பெரிய ரகங்களுக்கு இன்னும் ஒரு வாரம் கூடுதலாகும். விதை போட்ட நாளிலிருந்து எண்ணினால் 75 முதல் 90 நாள் வரை ஆகும் என்றாலும், ஒரே கொடியில் காய்கள் வெவ்வேறு நாளில் பிடிப்பதால் அந்தக் கணக்கு தனித்தனிக் காய்க்கு உதவாது. தேதி கட்டாமல் விட்டிருந்தால் சுருளையும் தோலின் மங்கலையும் சேர்த்துப் பாருங்கள்.

சித்திரையில் இடிமழை பெய்தால் பழம் சப்பென்று ஆகிறது, சிலது வெடிக்கிறது. முன்கூட்டியே பறித்துவிடலாமா? (திருவட்டார் வாசகர்)

மேற்கு மலையடிவாரத்தில் கோடைமழை பலமாக இருக்கும், உங்கள் கவலை நியாயமானது. முற்றிய காயின் தோல் இனி விரியாது. வேர் திடீரென்று உறிஞ்சும் தண்ணீர் உள்ளே அழுத்த, தோல் பிளக்கிறது. முன்பு சொன்ன மூன்று அடையாளமும் வந்துவிட்ட காய் என்றால், வானம் கறுக்கும்போதே பறித்துவிடுங்கள். வராத காயை மழைக்குப் பயந்து பறிக்காதீர்கள். வெடித்தாலும் ஒன்றிரண்டுதான் வெடிக்கும், பிஞ்சில் பறித்தால் அத்தனையும் வீண்.

மழை நனைத்த கொடியில் உடனே பறிக்காமல், நாலைந்து நாள் நல்ல வெயில் அடிக்கட்டும். இலைகள் பச்சையாக இருந்தால் இனிப்பு ஓரளவு மீளும். மழை இல்லாத காலத்திலும் பறிப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து தண்ணீரைக் குறையுங்கள். அடியோடு நிறுத்திக் கொடியை வாடவிட வேண்டாம். அடுத்த முறை மேட்டுப்பாத்தி போடுங்கள், குறிப்பாக நெல் அறுத்த வயலில் போடுகிறவர்கள்.

எப்படிப் பறிப்பது, எத்தனை நாள் வைக்கலாம்? (தோவாளை வாசகர்)

திருகிப் பிடுங்காதீர்கள். கூரான கத்தியால் இரண்டு அங்குலக் காம்பு விட்டு வெட்டுங்கள், அழுகல் எளிதில் உள்ளே இறங்காது. முழுப் பழம் நிழலான அறையில் ஒரு வாரத்துக்கு மேல் தாங்கும். பழுக்கும் வாழைக்குலை, மாம்பழம் இவற்றின் அருகே வைக்க வேண்டாம். அவை விடும் எத்திலீன் வாயு தர்பூசணிச் சதையைக் குழைத்துவிடும். வெட்டியதை மூடி ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் தின்று தீருங்கள்.

நல்ல சிவப்பு, நல்ல இனிப்பு. ஆனால் நடுவில் பிளந்து வெற்றிடமாக இருந்தது. மருந்து போட்டதாலா? தின்னலாமா? (குளச்சல் வாசகி)

மருந்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. மகரந்தம் போதுமான அளவு சேராத காயும், திடீரென்று வேகமாகப் பருத்த காயும் இப்படி நடுவில் பிளக்கும். தாராளமாகத் தின்னலாம். சதை நுரைத்திருந்தாலோ புளித்த வாடை அடித்தாலோ மட்டும் கொட்டிவிடுங்கள்.