15 வயதுக் கூரைக்கு 10 வருடக் கடனா?

கேள்வி: வணக்கம். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ஸ்காபறோவில் 1988 இல் கட்டிய இரண்டு மாடித் தனிவீடு எங்களுடையது. கூரைக்குப் புது ஷிங்கிள் (தார் ஓடு) 2010 இல் போட்டோம். போன மாசியில், ஸ்னோ மேல் ஸ்னோவாகக் கொட்டிய அந்த நாட்களில், மேல்மாடி அறைச் சீலிங்கில் வெளிச்சுவர் ஓரமாகத் தேத்தண்ணி ஊற்றியதுபோல ஒரு கறை வந்தது. வெளியே கூரை ஓரத்து மழைநீர்ப் பீலியிலிருந்து கை நீளத்துக்கு ஐஸ் தொங்கியது. கோடையில் கறை காய்ந்துவிட்டது, நாங்களும் மறந்துவிட்டோம். இப்போது ஒரு ரூஃபிங்காரர் கதவு தட்டி வந்து, "அண்ணை, வின்ரருக்கு முதல் முழுக் கூரையும் மாத்தாட்டி வீடு பழுதாப் போயிடும்" என்கிறார். 14,800 டொலர், எச்எஸ்ரி (விற்பனை வரி) வேறு. காசு இல்லையென்றால் 12.99 வீத வட்டியில் 10 வருடத் தவணை ஒழுங்கு செய்வாராம். இன்னொருவர் 2,000 டொலருக்குச் சூடாக்கும் கேபிள் போட்டால் போதும் என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் காப்புறுதியில் க்ளெய்ம் பண்ணச் சொல்கிறார். வரியில்லாச் சேமிப்புக் கணக்கான ரிஎஃப்எஸ்ஏயில் 22,000 டொலர் ஜிஐசியாக (நிலையான வைப்பாக) இருக்கிறது, டிசம்பர் 10 இல் முதிர்கிறது. வேறு சேமிப்பு இல்லை. லைன் ஒஃப் கிரெடிட் (வேண்டியபோது எடுக்கும் வங்கிக் கடன்) 5.45 வீதம், இன்னும் தொடவில்லை. பேஸ்மன்ற்றில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. என்ன செய்யலாம்? பீலி துப்புரவாக்க ஒருவர் 220 டொலர் கேட்கிறார். 19 வயது மகன் ஏணி வைத்துத் தானே செய்கிறேன் என்கிறான். விடலாமா?

பதில்: கதவு தட்டியவரிடம் கையெழுத்து வைத்துவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. வைத்திருந்தால் இதை வாசித்து முடிப்பதற்கு முன் அதைப் பாருங்கள். வீட்டு வாசலில் வைத்து எழுதிய ஒப்பந்தத்தை, அதன் பிரதி கைக்கு வந்து 10 நாட்களுக்குள் காரணம் எதுவும் சொல்லாமல் ரத்துச் செய்ய ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுக்கிறது. வாய்ச்சொல்லாக விடாமல் எழுத்தில் அனுப்பி, அனுப்பியதற்குச் சான்று வைத்திருங்கள்.

இனி கறைக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்குப் பெறுமதியாகப் பட்ட வரி "கோடையில் கறை காய்ந்துவிட்டது" என்பதுதான். வசந்தம், கோடை முழுக்க எத்தனை மழை பெய்திருக்கும்? ஷிங்கிள் உக்கித்தான் ஒழுகியது என்றால் அந்த மழைகளில் ஒன்றிலாவது கறை திரும்ப ஈரமாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. கூரையில் ஸ்னோ கிடந்து பீலியில் ஐஸ் தொங்கிய நாட்களில் மட்டும் தண்ணீர் உள்ளே வந்திருக்கிறது. இதை இங்கே ஐஸ் டாம் என்பார்கள். வீட்டுச் சூடு சீலிங் வழியாக, சீலிங்குக்கும் கூரைக்கும் இடையிலுள்ள அட்டிக்குக்குள் கசிகிறது. கூரையின் மேற்பகுதி சூடாகி அங்கே கிடக்கும் ஸ்னோ அடியிலிருந்து உருகுகிறது. உருகிய தண்ணீர் கீழே ஓடி, சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் குளிர்ந்த ஓரத்துக்கு வந்ததும் திரும்ப உறைகிறது. நாளடைவில் அது ஒரு அணைக்கட்டு. பின்னால் வரும் தண்ணீர் போக வழியின்றித் தேங்கி, ஷிங்கிளுக்குக் கீழால் மேல்நோக்கி ஏறுகிறது. ஷிங்கிள் மேலிருந்து கீழே ஓடும் தண்ணீரைத் தடுப்பதற்குச் செய்தது. குளம்போல் தேங்கும் தண்ணீரை அதனால் தாங்க முடியாது, நேற்றுப் போட்ட புதுக் கூரையாக இருந்தாலும் சரி.

நோய் இருப்பது அட்டிக்கில். மருந்து விற்பவர் கூரைக்கு விற்கிறார். 14,800 டொலருக்குப் புது ஷிங்கிள் போட்டபின் அடுத்த மாசியில் அதே இடத்தில் கறை வந்தால், அவர் உத்தரவாதக் கடுதாசியைப் பிரித்து "ஐஸ் டாமுக்குப் பொறுப்பில்லை" என்ற வரியைக் காட்டக்கூடும்.

ஆகவே முதல் செலவு அட்டிக்குக்கு. அதற்கு முன் காசில்லாத ஒரு வேலை: நல்ல குளிர் நாள் ஒன்றில், காலையில், அலுமாரிக்குள்ளோ ஹோல்வேயிலோ இருக்கும் அட்டிக் மூடியைத் திறந்து ரோர்ச் அடித்துப் பாருங்கள். கூரைப் பலகையிலிருந்து கீழே நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி நுனிகளில் வெள்ளைப் பூஞ்சணம்போல உறைபனி படிந்திருந்தால், வீட்டின் ஈரக்காற்று மேலே ஏறுகிறது என்று அர்த்தம். குளியலறை விசிறியின் குழாய் வெளியே போகிறதா, அல்லது கழன்று அட்டிக்குக்குள்ளேயே மூச்சுவிடுகிறதா என்றும் பாருங்கள். இன்சுலேஷன் (சூடு கசியாமல் தடுக்கும் நிரப்பு) எத்தனை அங்குலம் என்று அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். இப்போது புது வீடுகளுக்குப் பொதுவாகக் கேட்கும் ஆர்-60 (சூட்டைத் தடுக்கும் திறனின் அளவு) வருவதற்கு, செலுலோஸ் (கடதாசித் தூள்) இன்சுலேஷன் என்றால் ஏறத்தாழ 16 அங்குலம் வேண்டும். 1988 வீட்டில், அதுவும் இத்தனை வருடம் அமுங்கியபின், அதில் பாதி இருந்தாலே பெரிய விஷயம்.

நம் ஆட்கள் வீடுகளில் நான் அடிக்கடி காணும் இன்னொன்று சீலிங்கில் பதிக்கும் பொற்லைற் விளக்கு. மேல்மாடி சீலிங்கில் வரிசைக்கு எட்டு, பத்து என்று வெட்டிப் போட்டிருப்பார்கள். வடிவுதான். ஆனால் ஒவ்வொரு ஓட்டையும் அட்டிக்குக்குள் சூட்டை ஊதும் ஒரு துளை. அடுப்படியில் புட்டும் இடியப்பமும் அவிகிற ஆவியும் அதே வழியால்தான் போகும். இன்சுலேஷன் கொட்டுவதற்கு முன் இந்த ஓட்டைகளையும் மூடியின் விளிம்பையும் அடைப்பதுதான் வேலையின் பாதி. அடைக்காமல் மேலே கொட்டினால் ஓட்டை விழுந்த குடத்துக்குத் துணி சுற்றிய கதை. கூரை ஓரத்துக்கு அடியில் காற்று உள்ளே வரும் சொஃபிற் துவாரங்களையும் இன்சுலேஷன் மூடிவிடக் கூடாது.

உங்கள் அளவு வீட்டுக்கு இந்த வேலை 2,000 முதல் 3,500 டொலருக்குள் முடிந்ததைத்தான் நான் பார்த்திருக்கிறேன். 2025 ஜனவரியில் தொடங்கிய ஒன்ராறியோ வீட்டுப் புதுப்பிப்புச் சேமிப்புத் திட்டத்தில் (Home Renovation Savings) இன்சுலேஷன் செலவிலும் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும். நிபந்தனைகளைப் பார்த்து, வேலை தொடங்குமுன் பதிந்துகொள்ளுங்கள். வேலையை முடித்துவிட்டு றிசீற்றோடு போய்க் கேட்பவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்புகிறார்கள்.

கேபிள்காரரைப் பற்றி ஒரு வார்த்தை. கேபிள் அணைக்கட்டில் ஒரு வாய்க்கால் வெட்டும், அவ்வளவுதான். சூடு கசிவதை அது நிறுத்தாது. 100 அடிக் கேபிள், அடிக்கு 7 வாட் என்றால் இரண்டு மாதம் இரவு பகலாக எரிய ஏறத்தாழ 1,000 யூனிற் மின்சாரம். வருடாவருடம் கட்ட வேண்டிய பில். அட்டிக்கைச் சரிசெய்தும் அடங்காத ஒரு மூலை இருந்தால் அப்போது யோசிக்கலாம்.

காப்புறுதி. ஐஸ் டாமால் திடீரென்று உள்ளே வந்த தண்ணீர் செய்த சேதத்தைப் பல பொலிசிகள் ஏற்கும். வயதுபோன கூரையைப் புதுப்பித்துத் தரமாட்டார்கள், தேய்மானம் அவர்கள் கணக்கில் இல்லை. உங்கள் சேதம் ஒரு கறை. சீலிங் துண்டை வெட்டி ஒட்டிப் பெயின்ற் அடிக்க 700, 800 டொலர் போகும். உங்கள் கழிவுத்தொகை (க்ளெய்மில் நீங்களே முதலில் ஏற்க வேண்டிய பங்கு) 1,000 என்றால் கிடைப்பது பூச்சியம். க்ளெய்ம் பண்ணிய பதிவு மட்டும் வருடக்கணக்கில் கூடவே வரும். பண்ணாதீர்கள். ஆனால் அதே பொலிசியை எடுத்து, பேஸ்மன்ற் வாடகைக்கு விட்டது காப்புறுதிக் கொம்பனிக்குத் தெரியுமா என்று பாருங்கள். சொல்லாமல் விட்டிருந்தால், நாளை பெரிய சேதம் ஒன்று வரும்போது அதையே காரணம் காட்டிக் கைவிரிக்க அவர்களுக்கு இடமிருக்கிறது.

இப்போது கடன் கணக்கு. 14,800 உடன் 13 வீத எச்எஸ்ரி சேர்த்தால் 16,724 டொலர். இதை 12.99 வீதத்தில் 10 வருடம் கட்டினால் மாதம் சுமார் 250. "மாசம் 250 தானே அண்ணை" என்றுதான் அவர் சொல்லியிருப்பார். 120 மாதத்தில் கட்டி முடிப்பது ஏறத்தாழ 30,000. வட்டி மட்டும் 13,200, கிட்டத்தட்ட இன்னொரு கூரை. அதே தொகையை உங்கள் லைன் ஒஃப் கிரெடிற்றில் எடுத்து மூன்று வருடத்தில் அடைத்தால் மாதம் சுமார் 505, மொத்த வட்டி 1,450 அளவில். லைன் ஒஃப் கிரெடிற்றுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு: வட்டியை மட்டும் கட்டு போதும் என்று விட்டுவிடும். அதனால் அடைக்கும் தொகையை நீங்களே நிர்ணயித்து, சம்பள நாளில் தானாகப் போகும்படி செய்யவேண்டும்.

ஆனால் இப்போதைக்கு இரண்டுமே தேவையில்லை. ஷிங்கிள் 25, 30 வருடம் என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் நம் குளிருக்கு 15 முதல் 20 வருடம் என்றே நான் கணக்கு வைப்பேன். உங்களுடையது 15 ஐத் தொட்டுவிட்டது. விற்க வராத, பார்ப்பதற்கு மட்டும் கூலி வாங்கும் ஒருவரை ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். ஓரங்கள் சுருண்டிருக்கிறதா, பீலிக்குள் கறுப்பு மணல் குவிந்திருக்கிறதா என்று அவர் சொல்வார். இன்னும் மூன்று வருடம் தாங்கும் என்றால், அதே 500 டொலரை இந்த மாதம் முதல் தனிக் கணக்கில் போடுங்கள். 36 மாதத்தில் 18,000. வங்கிக்கு மாதம் 505 கட்டுவதும் உங்களுக்கே 500 கட்டுவதும் வீட்டுச் செலவுக் கணக்கில் ஒரே பாரம்தான். உடனே மாற்றத்தான் வேண்டும் என்று அவர் சொன்னால் மட்டும் லைன் ஒஃப் கிரெடிற்.

ரிஎஃப்எஸ்ஏ 22,000 ஐக் கூரைக்குக் கொட்ட வேண்டாம், அது உங்கள் ஒரே அவசரக் காசு. அதிலிருந்து அட்டிக்குக்கு வேண்டிய 3,500 ஐ மட்டும் எடுங்கள். எடுப்பதானால் டிசம்பர் 10 இல் ஜிஐசி முதிர்ந்ததும், டிசம்பர் 31 க்குள் எடுங்கள். எடுத்த தொகையைத் திரும்பப் போடுவதற்கான இடம் அடுத்த ஜனவரி முதலாம் திகதி திரும்பிவிடும். மூன்று கிழமை சோம்பி ஜனவரி 5 இல் எடுத்தால், அந்த இடத்துக்காக இன்னொரு முழு வருடம் காத்திருக்க வேண்டும். பொறுமையில்லாமல் முதலே திருப்பிப் போட்டு வரம்பைத் தாண்டினால் மாதம் ஒரு வீதம் அபராதம். மீதி 18,500 ஐ நீண்ட ஜிஐசியில் திரும்பப் பூட்டிவிடாதீர்கள்.

வாடகை வருமானத்தை வரியில் காட்டுகிறீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் இந்தச் செலவுகளில் பேஸ்மன்ற் பங்கை, பரப்பளவு விகிதப்படி, வாடகைக்கு எதிராகக் காட்ட இடமிருக்கிறது. எது அந்த வருடச் செலவு, எது மூலதனச் செலவு என்பதைக் கணக்காளர் பிரித்துத் தருவார். றிசீற்றுகளை எறிந்துவிடாதீர்கள்.

அந்த வாடகையைக் காப்பாற்றுவதும் பீலிதான். ஊரில் பீலி வைப்பது மழைத் தண்ணீரைத் தொட்டியில் சேர்க்க. இங்கே அதை வீட்டைவிட்டுத் துரத்த. 2024 ஜூலை 16 இல் பியர்சன் விமான நிலையத்தில் ஏறத்தாழ 98 மில்லிமீற்றர் மழை பதிவானது. 100 சதுர மீற்றர் கூரையில் அது 9,800 லீற்றர். எங்கள் வீட்டில் அன்று கீழ்க்குழாயின் நீட்டுத்துண்டு கழன்று கிடந்தது. புல்லு வெட்டும்போது நான்தான் கழற்றி வைத்துவிட்டு மறந்தது. 15 டொலர்ச் சாமான். பேஸ்மன்ற் கார்ப்பெற்றை உருட்டி வெளியே எறிய வேண்டி வந்தது. உங்கள் வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து, ஒவ்வொரு குழாயும் அத்திவாரத்திலிருந்து ஆறடியாவது தள்ளித் தண்ணீரை விடுகிறதா என்று பாருங்கள்.

துப்புரவுக்காரரை ஒக்ரோபர் தாங்ஸ்கிவிங் விடுமுறைக்குக் கூப்பிடாதீர்கள். அப்போது மேப்பிள் இலை பாதி மரத்திலேயே இருக்கும், நவம்பரில் பீலி திரும்ப நிரம்பிவிடும். நவம்பர் நடுப்பகுதி, உறைவதற்கு முன், ஒருமுறை. ஏப்ரல் கடைசியில் இன்னொருமுறை. வருடத்துக்கு 440 டொலர், மாதம் 37.

மகனை ஏணியில் விடாதீர்கள். இரண்டு மாடி உயரத்தில் வேலை செய்யக் கட்டட வேலைக்காரருக்கே இந்த மாகாணத்தில் கட்டாயப் பயிற்சி இருக்கிறது. வருபவரிடம் பொறுப்புக் காப்புறுதியும், வேலையிடக் காப்புறுதிச் சபையான டபிள்யூஎஸ்ஐபியின் சான்றிதழும் கேட்டு வாங்குங்கள். மகனுக்கு வேலை கொடுக்கத்தான் வேண்டும் என்றால், நீண்ட பிடி வைத்த ஸ்னோ றேக் ஒன்று வாங்கிக் கொடுங்கள். பெரிய ஸ்னோ கொட்டிய மறுநாள், தரையில் நின்றபடி, கூரை ஓரத்தில் முதல் மூன்று நான்கு அடியை இழுத்து விழுத்தட்டும். ஏற்கனவே கட்டிய ஐஸைக் கோடரியாலோ சுத்தியலாலோ கொத்த வேண்டாம், ஐஸோடு ஷிங்கிளும் வரும். பழைய நைலோன் காலுறைக்குள் கல்சியம் குளோரைட் நிரப்பி, மேல்மாடி ஜன்னலால் எட்டக்கூடிய இடமாக இருந்தால், ஐஸின் மேல் குறுக்காகக் கிடத்திவிடலாம். சாதாரண உப்பு வேண்டாம், பீலியை அரித்துவிடும்.