ஒரு புரதத்தைப் படித்து என்ன செய்யப்போகிறாள்?

வணக்கம் அம்மா. உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மகள் நன்றாகப் படிக்கிறாள், மருத்துவம் கிடைக்க வாய்ப்பிருக்கிறது. அவளோ, கைகால் நடுக்கம் தரும் பார்க்கின்சன் நோயில் பெயர் அடிபடும் ஏதோ ஒரு புரதம் செல்லின் உட்கருவுக்குள் என்ன செய்கிறது என்று பார்க்கப்போகிறேன் என்கிறாள். "இதெல்லாம் சோறு போடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் அவள் சொல்லும் கதையைக் கொஞ்சம் கேட்டுவிட்டு அதற்கு வருவோம்.

அந்தப் புரதத்தின் பெயர் ஆல்ஃபா சைனியூக்ளின். 140 அமினோ அமிலங்கள் கோத்த சின்னச் சரம். 1988இல் மின்திருக்கை மீனில் இந்த வகைப் புரதத்தைக் கண்டெடுத்தவர்கள், நரம்பு முனையான சினாப்ஸிலும் நியூக்ளியஸ் எனும் உட்கருவின் ஓரத்திலும் அது தென்பட்டதால் இரண்டையும் ஒட்டிப் பெயர் வைத்தார்கள். 1997இல், இதன் மரபணுவில் வரும் ஒரு பிழை சில குடும்பங்களில் பார்க்கின்சனைக் கொண்டுவருவது தெரிந்தது. நோயாளிகளின் மூளைச் செல்களில் கட்டிதட்டிக் கிடக்கும் லூயி உருண்டைகளில் இருப்பதும் இதுதான் என்று அதே ஆண்டு தெரிந்தது. அப்புறம் எல்லோர் கண்ணும் சினாப்ஸ் பக்கம் போய்விட்டது. உட்கருவில் தெரிந்தது நிஜம்தானா, இல்லை புரதத்தைத் தேடிப்பிடித்து ஒட்டி அடையாளம் காட்ட வேண்டிய ஆன்டிபாடி வேறெதிலோ ஒட்டிக்கொண்டு ஏமாற்றியதா என்ற சந்தேகமும் சேர்ந்துகொண்டது. பெயரில் பாதியை மறந்தே போனார்கள்!

2019இல் அமெரிக்காவின் ஓரிகனில் ஒரு குழு அந்த மறந்த பாதிக்குத் திரும்பியது. டிஎன்ஏயின் இரண்டு இழையும் அறுந்த இடத்தில் இந்தப் புரதம் போய்ச் சேருகிறது, பழுதுபார்க்கக் கைகொடுக்கிறது, அதை நீக்கிய செல்களில் அறுந்த இடங்கள் கூடுகின்றன என்று காட்டினார்கள். அப்படியானால் உட்கருவுக்கு வெளியே புரதம் கட்டிதட்டும்போது உள்ளே வேலைக்கு ஆள் குறைகிறது, செல் சாவதற்கு அதுவும் ஒரு காரணமோ என்பது அவர்கள் கருத்து. உட்கருவில் இது அதிகமானாலே கேடு என்று சொல்பவர்களும் உண்டு. வழக்கு இன்னும் முடியவில்லை. உங்கள் மகளை இழுப்பதும் அதுதான் என்று நினைக்கிறேன்.

இனி வேலைக்கு வருவோம். இந்த ஆய்வில் ஒரு நாள் எப்படிப் போகும் தெரியுமா? உட்கருவுக்கு நீலச் சாயம், புரதத்தில் ஒட்டும் ஆன்டிபாடிக்குப் பச்சை ஒளி. பச்சை நீலத்துக்கு உள்ளே இருக்கிறதா, மேலே படிந்திருக்கிறதா என்று கன்ஃபோகல் மைக்ராஸ்கோப்பில் அடுக்கடுக்காகப் பார்க்க வேண்டும். அப்புறம் அந்தப் புரதமே இல்லாத செல்லை எடுத்து அதே ஆன்டிபாடியைப் போட வேண்டும். அங்கேயும் பச்சை மின்னினால் அந்த ஆன்டிபாடியை நம்ப முடியாது, பல வார வேலை குப்பைக்குப் போகும். இதைக் கேட்டு அவளுக்கு அலுப்புத் தட்டினால் மருத்துவத்துக்கே போகட்டும். "வேறு ஆன்டிபாடி போட்டுப் பார்க்கலாமே" என்றால் அவள் வழியிலேயே விட்டுவிடுங்கள்.

இளநிலையிலேயே நரம்பியல் என்று பெயர் போட்ட படிப்பைத் தேட வேண்டாம். உயிர்வேதியியலோ செல் உயிரியலோ போதும், கூடவே புள்ளியியலும் கொஞ்சம் புரோகிராமிங்கும். மைக்ராஸ்கோப் படங்களை எண்ணிக் கணக்கிடத் தெரிந்தவருக்கு எந்த ஆய்வகத்திலும் கிராக்கிதான். மருத்துவம் படித்துவிட்டு நோய்க்குறியியல் வழியாகவும் இங்கே வரலாம், அந்தக் கதவும் மூடவில்லை.

சோறு விஷயத்தில் ஒளிக்கமாட்டேன். முனைவர் பட்டம் பல ஆண்டு இழுக்கும், உதவித்தொகை போதாமல் கையைக் கடிக்கும், நிரந்தரப் பேராசிரியர் இடங்கள் குறைவு. ஆனால் மருந்து நிறுவனங்கள், மரபணுப் பரிசோதனைக் கூடங்கள், மருந்துச் சோதனைப் பிரிவுகள் எல்லாம் இதே கைத்திறனைத்தான் தேடுகின்றன. இந்தப் புரதத்தைக் குறிவைக்கும் மருந்துகளே மனிதர்களிடம் சோதனையில் இருக்கின்றன.

விடுமுறையில் சில வாரம் ஏதாவது ஓர் ஆய்வகத்தில் அவளை உட்காரவையுங்கள், பாத்திரம் கழுவும் வேலையானாலும் சரி. திரும்பி வந்ததும் அங்கே எது சரியாக வரவில்லை என்று கேளுங்கள். அவள் சொல்வதை அப்படியே எனக்கு எழுதுங்கள், அதை வைத்துக்கொண்டு கல்லூரிப் பட்டியலைப் பார்ப்போம்.